அம்மா சட்டை மாத்திக்கொண்டு வாறா

என் மகனே,

நாளைக் காலை உன்னை இரண்டாவது தடவையாக ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகிறோம். நீ பக்கத்தில் குப்புறப் படுத்துத் தூங்குகிறாய். உன் ஒரு கால் என் மடிக்கு மேல் கிடக்கிறது. அதை அசைக்காமல், ஒரு தலையணையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இப்படிக் கடிதம் எழுதுவது விசர்வேலை என்று உன் அப்பா சிரிப்பார். ஆனால் இதை இப்போதைய உனக்கு நான் எழுதவில்லை. சவரம் செய்யப் பழகி, என்னைவிட உயரமாகி, நான் கூப்பிட்டால் "பொறுங்கோ அம்மா, வாறன்" என்று அறைக்குள்ளிருந்தே சத்தம் போடப்போகிற ஒரு பெரிய பொடியனுக்கு எழுதுகிறேன். உன் உடம்பில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைப்பற்றி அப்பா ஒரு கதை சொல்லுவார், பெரியமாமா வேறொரு கதை சொல்லுவார். இரண்டிலும் நான் கொஞ்சம் மூளை கழன்றவளாகத்தான் வருவேன். அதனால் என் கதையையும் நீ கேட்டு வைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பயம் கூட என்பது உனக்கு இந்நேரம் நன்றாகத் தெரிந்திருக்கும். நீ தும்மினால் நெற்றியில் கை வைப்பேன். நீ சத்தமில்லாமல் விளையாடினால் ஓடிவந்து பார்ப்பேன். உடுவிலில் நாங்கள் இருக்கிற இந்த வீட்டின் கிணற்றுக்கு உன் அப்பா கம்பிவலை போட்டதே என் கரைச்சல் தாங்காமல்தான். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியும் இந்தப் பயம் குறையவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்துப் பயப்படுகிற வசதிதான் மேலதிகமாகக் கிடைத்தது. ஆகவே உனக்கு நாலு வயதில், குளிக்க வார்க்கும்போது வலப்பக்கக் கவட்டில் ஒரு வீக்கத்தைக் கண்டபோது நான் எப்படி இருந்திருப்பேன் என்று நீயே யோசித்துக்கொள். அழுதால் புடைக்கும், படுத்தால் மறையும். அது கேர்ணியா, குடலிறக்கம், சின்ன வேலை, ஆனால் கனகாலம் விடக்கூடாது என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அவரை நாங்கள் பின்னேரத்தில், காசு கட்டிப் பார்க்கிற இடத்தில்தான் சந்தித்தோம். அதே டொக்டர்தான் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெட்டுகிறவர். பின்னேரம் பார்க்கப் போனவர்களுக்கு அவர் இரண்டு வார்த்தை கூடச் சொல்லுவார். எங்களுக்குச் சொன்னது இதுதான்: "எங்கடை மயக்கமருந்து டொக்டர் சின்னப்பிள்ளையளின்ரை அம்மாக்களுக்கு ஒரு வகுப்பு வைக்கிறா. ஒருக்காப் போங்கோ."

அந்த வகுப்பை நினைத்தால் எனக்கு இப்பவும் ஆறுதலாக இருக்கும். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. கதிரைகளை வட்டமாகப் போட்டு, மெலிந்த இளம் டொக்டர் ஒருவர் எங்களோடு ஒருத்தியாக இருந்து கதைத்தார். முந்தி மாதிரிப் பிள்ளையை இரவிலிருந்து பட்டினியாகக் காயப்போடத் தேவையில்லை, மயக்கம் குடுக்கக் கொஞ்சம் முன்வரைக்கும் தெளிந்த குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கலாம், குடித்த பிள்ளை அழாது, கெதியாகத் தேறும் என்றார். அம்மாவும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வந்து, பிள்ளை நித்திரையாகும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்றார். நோ வந்த பிறகு மருந்து தேடக்கூடாது, வர முதலே குடுக்க வேண்டும் என்றார். வீட்டுக்குப் போன பிறகும் தாதி மிஸி ஒருவர் தொலைபேசியில் எடுத்துச் சுகம் விசாரிப்பா என்றார். உனக்கு மூக்கில் வைக்கும் முகமூடி ஒன்றை விளையாடத் தந்தார். நீ அதை உன் பிளாஸ்டிக் பஸ்ஸுக்கு மாட்டி, "பஸ் நித்திரையாப் போச்சு" என்றாய். எல்லோரும் சிரித்தோம். வட்டமாக இருந்த அம்மாக்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் இருந்தார்கள். ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி ஆசிரியை, ஒருத்தியின் புருசனே டொக்டர். அந்த வகுப்பைப்பற்றி எந்தச் சுவரிலும் ஒரு அறிவித்தல் கிடையாது. தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்லி வந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு எனக்கு அது கண்ணில் படவில்லை. நல்லது கிடைக்கும்போது யார் கிடைக்காமல் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற புத்தி இலேசில் வராது, மகனே. உனக்கும் வராது. வராததில் வெட்கமில்லை. வந்த பிறகு என்ன செய்கிறாய் என்பதுதான் கரைச்சல்.

பெரியமாமா தன் பங்குக்கு, கல்விக் கந்தோரில் அதிகாரியாக இருந்த காலத்துப் பழக்கங்களை எல்லாம் பிடித்து, உன் பெயரைப் பட்டியலில் முதலாவதாகப் போடுவித்தார். உன் அப்பா கட்டாரிலிருந்து லீவில் வந்து நின்ற நேரம். திரும்பிப் போக முதல் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவதி. காரில் போகும்போது என்னிடம் சொன்னார்: "இஞ்சை பார், அங்கை போய் நீ ஒண்டும் கதையாதை. கேள்வி கேக்காதை. மாமா எத்தினை பேரைப் பிடிச்சு உவனை முதலாவதாப் போட்டவர் தெரியுமே. குழப்பிப் போடாதை." நான் ஓம் என்றேன்.

சிறுபிள்ளைகள் வார்ட்டில் உன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் மதுசா இருந்தாள். உன்னைவிட ஒரு வயது மூத்தவள். கழுத்தின் நடுவில் ஒரு கட்டி. எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரட்டைப்பின்னல், நெற்றி முழுக்கத் திருநீறு. அவளுடைய அம்மா யசோ அக்கா. தொண்டைமானாற்றில் கடற்றொழில் செய்கிற குடும்பம். பிள்ளையை முதலில் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். யாரோ தொலைபேசியில், "நாளைக்கு ஒப்பரேசன், இண்டைக்கே கொண்டுவந்து விடுங்கோ, ஒண்டும் குடுக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்களாம். எப்போதிலிருந்து குடுக்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, யசோ அக்காவும் கேட்கவில்லை. டொக்டர்மார் சொன்னால் சொன்னதுதான், திருப்பிக் கேட்டால் ஏசுவார்கள் என்று பயம். அதனால் முதல்நாள் மத்தியானச் சோற்றோடு நிற்பாட்டிவிட்டார். பசியென்று பிள்ளை அழுமே, அதற்கென்ன செய்வது? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. "சன்னிதி முருகனுக்கு நாங்கள் ரெண்டுபேரும் விரதம், அம்மாவும் சாப்பிடேல்லை, நீயும் சாப்பிடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பிள்ளைக்கு அது பெருமையாகப் போய்விட்டது. பெரிய ஆட்கள் மாதிரி விரதம் பிடிக்கிறேன் என்று அழாமல், வாடின கீரைத்தண்டு மாதிரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நீ முதலாவது, அவள் இரண்டாவது என்றுதான் தெரியும். அன்று காலை ஏதோ ஒரு விபத்துக் கேஸ் வந்து ஒப்பரேசன் தியேட்டருக்குள் போய்விட்டது. எப்போது முடியும் என்று எவருக்கும் தெரியாது. மிஸி வந்து, "பிந்தும். நீங்கள் தம்பிக்கு அந்தத் தண்ணியைக் குடுத்துக்கொண்டிருங்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் போத்தலைத் திறந்து உனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். நீ ஒவ்வொரு வாய்க்கும் 'ஆ' என்று சத்தம் விட்டுக் குடித்தாய். மதுசா உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யசோ அக்கா மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, உங்கடை தம்பிக்கு ஒப்பரேசன் இல்லையோ?"

"ஓம், இருக்கக்கா."

"அப்ப தண்ணி குடுக்கிறியள்?"

"எங்களுக்கு டொக்டர் சொன்னவ."

'எங்களுக்கு' என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. "ஆ, உங்களுக்கு" என்றார், கோபம் ஒரு துளியும் இல்லாமல். ரயிலில் முதலாம் வகுப்புப் பெட்டியைக் கடந்துபோகிற ஆட்கள் மாதிரி, அது அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டு, பிள்ளையின் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார். அவள் பார்க்காமல் இருக்கட்டும் என்று. எனக்கு அந்தத் திருப்புதல்தான் தாங்கவில்லை.

போத்தலை நீட்டி, இந்தாருங்கோ, குடுங்கோ என்று சொல்லத் தெரியாமலில்லை. ஆனால் நான் சொல்லலாமா? அடுத்த நிமிடம் அவளைக் கூப்பிட்டால்? வயிற்றில் தண்ணீரோடு மயக்கம் குடுத்து ஏதும் நடந்துவிட்டால்? வகுப்பில் அந்த டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னது, தண்ணீர் குடிக்கலாம் என்பதை மட்டுமல்ல, எப்போது நிற்பாட்ட வேண்டும் என்று தான் சொல்லுவேன் என்பதையும்தான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கை வைக்கிற விசயம் இல்லை அது. நான் மிஸியிடம் போனேன். அவர் குறிப்பைப் பார்த்து, "இவவுக்கு ஒண்டும் குடுக்க வேண்டாமெண்டுதான் போட்டிருக்கு. வகுப்புக்கு வந்த பிள்ளையளுக்குத்தான் அந்த முறை. டொக்டர் சொல்லாமல் எனக்கு ஏலாது, பிள்ளை" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. திரும்பி வந்து யசோ அக்காவிடம், கடைசியாக எப்போது சாப்பிட்டவள் என்று கேட்டேன். "நேற்று மத்தியானச் சோத்தோடை சரி" என்றார்.

வெளியே விறாந்தையில் நின்ற உன் அப்பாவிடம் போய், பெரியமாமாவுக்குச் சொல்லி அந்த மயக்கமருந்து டொக்டரை வெளியில் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை!

"என்னப்பா, ஊருக்கு உபகாரம் செய்ய உனக்கு வேறை நாள் கிடைக்கேல்லையோ?"

"அந்தப் பிள்ளை நேற்று மத்தியானத்திலையிருந்து பட்டினி."

"அதுக்குத் தாய் இருக்கிறா. மிஸி இருக்கிறா."

"தாய்க்குத் தெரியாது. மிஸிக்கு ஏலாது."

"உனக்கு மட்டும் எல்லாம் ஏலும். நான் அப்பவே சொன்னனான்" என்று முணுமுணுத்தபடி, ஆனால் தொலைபேசியை எடுத்தார். இதை நீ எழுதிவைத்துக்கொள்: உன் அப்பா ஏசிக்கொண்டே செய்கிற மனிதர். ஏசாமல், செய்யாமல் இருக்கிறவர்களைவிட அது எவ்வளவோ மேல்.

உள்ளே தன் இடத்தில் இன்னொருவரை நிற்கவிட்டு, டொக்டர் முகத்திரையைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு அவசரமாக வந்தார். மதுசாவின் நாக்கைப் பார்த்தார், கையைக் கிள்ளிப் பார்த்தார், யசோ அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டார். முகம் மாறியது. "உள்ளை நடக்கிறது முடிய இன்னும் நேரம் இருக்கு. இப்ப இவவுக்குக் குளுக்கோஸ் தண்ணி குடுங்கோ, ஒரு சின்னக் கப். அது முடிஞ்சவுடனை முதல் இவதான். இவ்வளவு நேரம் காய்ஞ்ச பிள்ளையை இனியும் வச்சிருக்க ஏலாது." பிறகு என் பக்கம் திரும்பினார். கொஞ்சம் தயங்கினார். "உங்கடை மகன் தண்ணி குடிச்சபடி தென்பா இருக்கிறார். அவர் பிந்தினால் ஒண்டுமில்லை. ஆனால் முதலாவதாப் போடச் சொல்லிச் சொன்ன ஆக்கள் பிறகு பெரிய டொக்டருக்கு எடுத்துக் கதைப்பினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

பட்டினி கிடந்த பிள்ளைக்கு முதலிடம் குடுக்க என்னுடைய சம்மதம் ஏன் தேவைப்பட்டது என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். "ஒருத்தரும் எடுக்க மாட்டினம் டொக்டர்" என்றேன்.

இனித்தான் பகிடி. கப்பைக் கொண்டுபோய் நீட்டினால் மதுசா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "நான் விரதம்" என்றாள்.

யசோ அக்கா பதறிப்போனார். "குஞ்சு, டொக்டரே சொல்லிட்டா. குடியம்மா."

"பூசை முடியேல்லை."

"முடிஞ்சுது, முடிஞ்சுது."

"பொய். மணி அடிக்கேல்லை."

அவளுக்குப் பசியைத் தாங்கச் சொல்லிக்கொடுத்த அதே கதை இப்போது அவள் தொண்டையை அடைத்துக்கொண்டு நின்றது. யசோ அக்கா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவளுக்குப் பூசினார். "சன்னிதியான் ஆரையும் பட்டினி போடுறவரே? அன்னதானக் கந்தன் அல்லோ. வாற சனத்துக்கெல்லாம் சோறு போடுறவர் உனக்கு ஒரு வாய்த் தண்ணி வேண்டாமெண்டுவாரே?" என்று கெஞ்சினார். அவள் அசையவில்லை. மணி வேண்டும். அப்போதுதான், குறிப்பில் போடாமல் தனக்கு ஏலாது என்ற அதே மிஸி, மருந்துத் தட்டிலிருந்த உருக்குக் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து, கத்தரிக்கோலால் டிங் டிங் டிங் என்று அடித்தார். வார்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நீ கட்டிலில் எழும்பி நின்று "அரோகரா!" என்று கத்தினாய். மதுசா கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, கப்பை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள். யசோ அக்கா சிரித்தபடியே சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். மிஸி, "பூசை முடிஞ்சுது, எல்லாரும் அவையவையின்ரை கட்டிலுக்குப் போங்கோ" என்று அதட்டினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்கு இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். சந்தோசமான கதையாகச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருப்பேன்.

தியேட்டர் வாசலில் மதுசாவின் தள்ளுகட்டில் நின்றது. அந்த இரட்டைக்கதவைக் கண்டதும், அவ்வளவு நேரம் அழாத பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்று கத்தத் தொடங்கினாள். வாசலில் நின்ற மிஸி, "அம்மா இதோடை நிக்க வேணும். வகுப்புக்கு வந்த ஆக்கள்தான் உள்ளை வரலாம்" என்றார். யசோ அக்கா உடனே பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். கேள்வியில்லை, மன்றாட்டமில்லை. சொன்னால் செய்கிறதுதான். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாசலோர மேசையில் ஒரு பச்சைச் சட்டை மடித்து வைத்திருந்தது, எனக்காக. அன்றைக்குத் தோய்த்து வந்ததில் தாய்மாருக்கென்று ஒதுக்கியது அது ஒன்றுதான். நான் முதலிலேயே கேட்டு அறிந்து வைத்திருந்தேன். எதையும் முதலிலேயே கேட்டு அறிந்து வைக்கிறவள்தானே நான்.

"அந்தச் சட்டையை அவவுக்குக் குடுங்கோ" என்றேன்.

"பிறகு உங்களுக்கு?"

"பிறகு பாப்பம்."

"பிறகு பாக்க ஒண்டுமில்லை, தங்கச்சி. வேறை இல்லை. ஒருத்தர் போட்டதை மற்றவருக்குக் குடுக்கவும் மாட்டம்."

மதுசா கத்திக்கொண்டிருந்தாள். நீ என் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாய். எனக்கு யோசிக்க நேரம் இருந்ததா, இல்லையா? எத்தனையோ தரம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டேன். சிலவேளை நேரம் இருந்ததாகத் தெரிகிறது. சிலவேளை இல்லாததாகத் தெரிகிறது. "குடுங்கோ" என்று மறுபடியும் சொன்னேன். யசோ அக்கா அந்தச் சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். கதவு மூடியதும் மதுசாவின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

உன் முறை பின்னேரம் வந்தது. மதுசாவுக்கு முடிந்து, அவள் உள்ளேயே கண்விழிக்கிற அறையில் கிடந்தாள். யசோ அக்காவும் அங்கேதான் இருந்தார். டொக்டர் வாசலுக்கு வந்து, "அந்த அம்மா உள்ளை நிக்கிறா, உங்கடை மகனுக்கு முகம் பழக்கம்தானே, அவவைக் கையைப் பிடிக்கச் சொல்லுறன். யோசிக்காதையுங்கோ" என்றார். என்னிடமிருந்து உன்னை வாங்கினார்கள். நீ அழவில்லை. நான் பின்னால் வருகிறேன் என்றுதான் நினைத்திருப்பாய், வகுப்பில் அப்படித்தானே பழக்கினோம். கதவு மூடும்போது நீ திரும்பிப் பார்த்தாய். உன் அப்பா ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, தள்ளிப்போய் நின்றார்.

வெளியே வந்த யசோ அக்காவிடம் நான் முதலில் கேட்டது, நீ அழுதாயா என்றுதான். "இல்லைத் தங்கச்சி. நல்ல பிள்ளை. சத்தமில்லாமல் நித்திரையாப் போட்டான்" என்றார். நீ வார்ட்டில் கண்விழித்து, என்னை மேலும் கீழும் பார்த்து, வறண்ட குரலில் கேட்டாய்: "ஏன் அம்மா நீங்கள் சட்டை மாத்தேல்லை?" மயக்கத்தில் உளறுகிறாய் என்று நினைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, சொன்னபடி, மிஸி ஒருவர் தொலைபேசியில் எடுத்து உன் சுகம் விசாரித்தார். மதுசா வீட்டுக்கு அப்படி ஒரு அழைப்பும் போகவில்லை. அதனால் யசோ அக்கா எனக்கு எடுப்பார். மீன் பிடித்து வருகிற வீட்டில், மீன் கிரந்தி, காயத்தைப் பழுதாக்கும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைக்கு வெறும் கஞ்சி குடுத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய கேள்விகளையும் என்னுடையவற்றோடு சேர்த்து மிஸியிடம் கேட்பேன். மீன் குடுக்கலாமோ, கழுத்தைத் திருப்பலாமோ, கழுத்துக் காயத்தில் தண்ணி படலாமோ. ஒருநாள் மிஸி பொறுமையிழந்து, "பொறுங்கோ பிள்ளை, கேர்ணியா வெட்டின பிள்ளைக்குக் கழுத்திலை என்னெண்டு காயம் வந்தது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். பிறகு, "மீன் நல்லாக் குடுக்கச் சொல்லுங்கோ. முட்டையும் குடுக்கச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த தடவையிலிருந்து அவரே, "மற்றப் பிள்ளை எப்பிடி?" என்று தொடங்கினார்.

ஆனால் உன்னிடம் ஏதோ ஒன்று மாறியிருந்தது, அல்லது மாறியதாக எனக்குப்படுகிறது. குளியலறைக் கதவை நான் மூடினால் வெளியே நின்று தட்டுவாய். பாலர் பாடசாலைப் படலையில் என் சீலையை விடமாட்டாய். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறார் உன் அப்பா. இருக்கலாம். உன்னைக் கேட்காமல் உன்னுடைய ஒன்றை எடுத்து இன்னொருவருக்குக் குடுத்தேன், அதன் விலை உன்னிடமிருந்து போனதோ என்று நான் ஒவ்வொரு கதவிலும் பார்க்கிறேன். மதுசாவுக்குக் குடுத்தது பிழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இரண்டு பிள்ளைகள் போகிற வாசலில் ஏன் ஒரு சட்டை இருந்தது என்றுதான் மனம் சுற்றிச் சுற்றிக் கேட்கிறது. பெரியவனான பிறகு எந்த வாசலிலாவது உன் பெயர் முதலாவதாக இருந்தால், சந்தோசப்படு, ஆனால் கொஞ்சம் நின்று பக்கத்துக் கட்டிலையும் பார். அதற்குமேல் உனக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்த பிறகு செய்கிறது எல்லாம் சரியாக வரும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இப்போது மற்றப் பக்கமும் வீக்கம் வந்திருக்கிறது. அந்த டொக்டர் இப்போது இங்கே இல்லை, எத்தனையோ டொக்டர்மாரைப்போல நாட்டை விட்டுப் போய்விட்டார். வகுப்பும் நின்றுவிட்டது. அறிவித்தல் ஒட்டியிருக்கவில்லையே, ஆகவே கிழிக்கவும் தேவைப்படவில்லை. அவர் சொல்லித்தந்ததெல்லாம் இனி காசு கட்டுகிற இடத்தில்தான். அப்பா கட்டாரிலிருந்தே ஒழுங்கு செய்துவிட்டார். "இந்தமுறை பட்டியலும் இல்லை, பக்கத்துக் கட்டிலும் இல்லை. நீ பேசாமல் இருந்தால் காணும்" என்றார். நான் ஓம் என்றேன். இந்தத் தடவை உண்மையாகவே ஓம் என்றேன். தனி அறை, உறையில் போட்ட புதுச்சட்டை, நீ குடிக்கிற தண்ணீரைக்கூட அவர்களே தருவார்களாம். எனக்குத் திருப்தியாக இருக்கிறது. திருப்தியாக இருப்பதை நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

இன்று பின்னேரம் யசோ அக்கா எடுத்தார். செய்தி கேள்விப்பட்டிருக்கிறார். கதைத்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்து துணிவு வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அக்கா, அண்டைக்கு உள்ளுக்கை உவன் அழுதவனோ?"

"என்ன தங்கச்சி, இப்ப போய் உதைக் கேக்கிறியள்?"

"சொல்லுங்கோ அக்கா."

அந்தப் பக்கத்தில் கடற்காற்றின் இரைச்சல் குறைந்தது, எங்கோ உள்ளே வந்துவிட்டார். பிறகு சொன்னார்: "அழுதவன்தான். வடிவா அழுதவன். உங்களைத்தான் கேட்டவன். வாசலிலை நிண்ட உங்கடை முகத்தைப் பாத்திட்டு எனக்குச் சொல்ல மனம் வரேல்லை. அவனுக்கும் ஒரு பொய் சொன்னனான். அம்மா சட்டை மாத்திக்கொண்டு வாறா, இந்தா வந்திடுவா எண்டு. கதவையே பாத்துக்கொண்டு கிடந்தவன். பேந்து அப்பிடியே நித்திரையாப் போட்டான்."

நீ கண்விழித்துக் கேட்ட கேள்வி ஒரு வருடமாக என் காதில் கிடந்தது, இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"தங்கச்சி, நிக்கிறியளோ? நாளைக்கு நானும் வரட்டே?"

"இந்தமுறை என்னை உள்ளை விடுவினம் அக்கா."

"அதுக்கென்ன? நீங்கள் உள்ளை போங்கோ. வெளியிலை ஆரும் ஒருத்தர் நிக்கத்தானே வேணும். நான் முதல் பஸ்ஸிலை வாறன். மதுசாவும் வரப்போறாளாம். அவனுக்கு மணி அடிக்க வேணுமாம், வீட்டிலையிருந்து கிண்ணம் எடுத்து வச்சிருக்கிறாள்."

உன் கால் விறைத்துப்போன என் மடியில் இன்னும் கிடக்கிறது. எடுக்க மாட்டேன். நாளைக்கு அந்த அறையில் நீ ஒருதரம் கதவைப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். பார். அதன் வழியாகத்தான் நான் வருவேன்.

ஒரு வருடம் பிந்தி, சட்டை மாற்றிக்கொண்டு வருகிற
உன் அம்மா